பாட்டுக்கார மாமாவின் செத்தவீடு

பிள்ளைகளே, பெரிய தொப்பி போட்டுக்கொண்டு கிற்றாரோடு பாடுகிற தொப்பித் தாத்தாவை நீங்கள் போனில் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அவர் எனக்கு மாமா, என் அம்மாவின் தம்பி. அவர் பாட்டுக்காரர், படங்களில் நடித்தவர், இங்கிலீஷ் நாடகமொன்றில் கூட டாக்ஸி ஓட்டிக்கொண்டு அரைப் பாட்டுப் பாடியவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டில் அவருக்குச் செத்தவீடு நடந்தது மட்டும் தெரியாது. அதை அவர் சொல்லமாட்டார். கேட்டால் கிற்றார் கம்பியை முறுக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்துப் பெரிதாக வராது. ஆனால் அன்று பயந்த பயம் அப்படியே இருக்கிறது, அதைப் பார்த்து எழுதினால் போதும்.

மாமா அப்போது பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்தார். அங்கே கவுண்டரில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. அதில் லொறிக்காரர்கள் கேட்கிற கன்ட்ரிப் பாட்டுகள் போகும். நீளமான ரோட்டு, மழை, வீட்டில் காத்திருக்கிற தாய், சொன்னபேச்சுக் கேட்காத குதிரை, இவற்றைப் பற்றித்தான் எல்லாப் பாட்டும். மாமா கேட்டுவிட்டு, “அட, இது எங்கட வண்டிக்காரன்ர பாட்டுத்தானே! மாட்டை அவிட்டுப்போட்டுக் குதிரையைக் கட்டியிருக்கிறாங்கள்” என்றாராம். உடனே ஒரு பழைய கிற்றார் வாங்கினார். வயல் பாட்டு, வண்டிப் பாட்டு என்று சின்ன வயதில் கேட்டதையெல்லாம் அந்த மெட்டுகளில் ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பப்பில் ஐரிஷ்காரக் கிழவர் ஒருவர் வயலின் வாசிக்க, மாமா பாடுவார். வெள்ளைக்காரருக்கு ஒரு சொல் விளங்காது. ஆனாலும் மேசையில் தட்டுவார்கள்.

அம்மாவுக்கு இது பிடிக்காது. “குதிரைக்குக் கிட்டப் போயும் இருக்கமாட்டான், தொப்பி மட்டும் குடை மாதிரி” என்பார். ஆனால் தமிழ்த் தொலைக்காட்சியில் மாமாவுக்குச் சனிக்கிழமைகளில் அரை மணி நேரம் கொடுத்தபோது, அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் மாமாவைப் பார்க்கவேண்டும், பிறகுதான் தேத்தண்ணீர்.

அந்தத் தொலைக்காட்சியில் செய்திக்கு முன்னால் மரண அறிவித்தல் போடுவார்கள். உங்களுக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் அந்த நேரம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு மூலையில் குத்துவிளக்கு எரியும், சோகமான புல்லாங்குழல் கேட்கும், நடுவில் செத்தவருடைய படம் வரும். ஒரு பெண் எல்லோரையும் ஒரே குரலில் வாசிப்பாள்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்ட... அம்மா கையில் இருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் பார்ப்பார். பெயரைப் பார்க்கமாட்டார். எங்கள் ஆட்களுக்குப் பெயரை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, பாஸ்போட்டில் இருக்கிற பெயர் இன்னொன்று. வந்த பாஸ்போட் வேறொருவருடையது என்றால் மூன்றாவதும் உண்டு. முகம்தான் ஆள்.

இப்படி இருக்கையில் மாமாவுக்குப் படத்தில் நடிக்க இடம் கிடைத்தது. இங்கேயுள்ள எங்கள் ஆட்கள் சேர்ந்து, சனி ஞாயிறுகளில் எடுத்த படம். மாமா அதில் ஒரு பாட்டுக்காரன். “கதை என்னடா?” என்று அம்மா கேட்டதற்கு, “ஒரு பாட்டுக்காரன் லண்டனுக்கு வாறான் அக்கா” என்றார் மாமா. அதற்கு மேல் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் வந்து, தனக்கு ஒரு நல்ல படம் வேண்டும், தொப்பி இல்லாமல், கோட்டு ரை போட்டு, எங்கள் முன்னறை ஜன்னல் திரைக்கு முன்னால் நின்று எடுக்கவேண்டும் என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கலியாணப் பேச்சுக்குத்தான் இவன் படம் எடுக்கிறான் என்று நினைத்தார். தானே சட்டையை அயர்ன் பண்ணினார், எண்ணெய் தடவித் தலை வாரிவிட்டார், “கொஞ்சம் சிரியன்ரா” என்றார். மாமா சிரிக்கவில்லை. “சிரிக்கக் கூடாதாம் அக்கா” என்றார். அம்மா அதைப் பெண் வீட்டாரின் விருப்பம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மாமா முதல் நாளே வேல்ஸ் பக்கம் ஒரு பாட்டு விழாவுக்குப் போயிருந்தார். ஏதோ வயல்வெளியில் கூடாரம் அடித்து நடத்துகிற விழா. அம்மாவுக்குச் சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்குகிற ரில்லில் வேலை. அப்பா பாண் சுடுகிற பேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு மேலே படுத்திருந்தார். அவரை எழுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டின் பெரிய சட்டம். நான் கீழே ரீவிக்கு முன்னால் இருந்தேன். மாமாவின் நிகழ்ச்சி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். ஆனால் விளக்கும் புல்லாங்குழலும் அவரோடு வந்தன.

அதே கோட்டு. அதே ரை. பின்னால் எங்கள் வீட்டுத் திரை. படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்.

நான் அப்போது சின்னப் பிள்ளை, தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும். பெயரை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வேறு யாரோ ஒரு கிழவியின் படம் வந்துவிட்டது. ஆனால் அது மாமாவின் பெயர் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. மாமாவுக்கு எனக்குத் தெரியாத பெயரும் இருந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். திரும்பி எங்கள் திரையைப் பார்த்தேன். அது அசைந்தது. ஜன்னல் திறந்திருந்தபடியால் அசைந்திருக்கும். நான் அறையை விட்டு ஓடிவிட்டேன்.

மாடிப்படியில் பாதி ஏறி நின்றேன். மேலே அப்பாவின் குறட்டை கேட்டது. எழுப்பினால் சொல்லவேண்டும். சொல்வதற்கு எனக்குப் பயம். மாமா ஒருமுறை பகிடியாக, “நான் செத்தா என்ர கிற்றார் மருமகனுக்கு” என்றபோது அம்மா அகப்பையால் மேசையில் அடித்து, “வீட்டுக்குள்ள அந்தக் கதை கதைக்கக் கூடாது, சொன்னா நடக்கும்” என்று கத்தியிருந்தார். சொன்னால் நடக்கும் என்றால் சொல்லாவிட்டால் நடக்காது. இதை நான் படியில் நின்றபடி நீண்ட நேரம் யோசித்தேன். பிறகு கீழே இறங்கி, பிரிட்ஜில் ஒட்டியிருந்த மாமாவின் கைத்தொலைபேசி இலக்கத்தை அடித்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண், நீங்கள் தேடுகிறவர் இப்போது கிடைக்கமாட்டார் என்று இங்கிலீஷில் சொன்னாள். மரண அறிவித்தல் வாசிக்கிறவளைப் போலவே அவளும் ஒரே குரலில் சொன்னாள். நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன், கீழே வைத்தால் அது அடிக்கும் என்று பயமாக இருந்தது.

அப்போது வாசல் கதவு திறந்தது. அம்மா வருகிற நேரம் அதுவல்ல. வேலை யூனிபோர்மோடு, பெயர்த் தகடு கூடக் கழற்றாமல், வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல், நேரே உள்ளே வந்தார். எங்கள் வீட்டில் யாரும் சப்பாத்தோடு கம்பளத்தில் நடந்து நான் கண்டதில்லை.

“ரீவியில என்ன பாத்தனி?”

“கார்ட்டூன்” என்றேன்.

ரீவியில் ஏதோ சினிமாப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரீவியை நிறுத்தினார். என் கையில் இருந்த போனை வாங்கி வைத்தார். பிறகு குனிந்து, சுவரிலிருந்து போன் வயரைப் பிடுங்கினார். குசினிக்குள் போய் அடுப்பின் எல்லாப் பக்கமும் பற்றவைத்தார். அரிசி போட்டார், பருப்புப் போட்டார், ஐஸ் கட்டியாக இருந்த கோழியைச் சுடுதண்ணீரில் போட்டார், கத்தரிக்காய் வெட்டினார். கத்தி பலகையில் படுகிற சத்தம் வழக்கத்தை விட வேகமாக இருந்தது. அம்மாவுக்குத் தெரியாது என்று நான் நினைத்தேன். அதனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கதவோரம் நின்றேன்.

அப்பா மணம் பிடித்துத்தான் எழும்பி வந்தார்.

“என்னப்பா, வேலைக்குப் போகேல்லையோ?”

“போனனான். வந்திட்டன்.”

“ஏன்?”

அம்மா கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சாமான் வாங்க வந்த மனிசி ஒண்டு, பால் போத்திலைக் கையில வைச்சுக்கொண்டு கேக்கிறா. உம்மட தம்பியையெல்லே ரீவியில போட்டவங்கள், எப்ப எடுக்கினம் எண்டு.”

அப்பா மெதுவாகப் போன் இருந்த பக்கம் போனார்.

“அந்த வயரைத் தொடாதேங்கோ!” அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “நான் ஒருத்தரிட்டயும் கேக்கமாட்டன். ஒருத்தரும் எனக்குச் சொல்லவும் வேண்டாம். தம்பி பின்னேரம் சாப்பிட வருவான்.”

அப்பா தன் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். மாமாவின் போன் கிடைக்காமல், தொலைக்காட்சிக்காரர்களுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார். லைன் ஒரே என்கேஜ். ஊரெல்லாம் அடித்தால் அப்படித்தானே இருக்கும். கண்ணாடிக்குள்ளால் நான் பார்க்க, அவர் உடுப்புக் காயப்போடுகிற கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பெரிய ஆளுக்கே இப்படியென்றால் இது உண்மைதான் என்று நினைத்தேன்.

வாசல் மணி அடித்தது. எங்கள் ரோட்டு முனையில் தமிழ்க் கடை வைத்திருந்த கடைக்கார அங்கிளும் கடைக்கார அன்ரியும். அன்ரி வெள்ளைச் சேலை. ஒரு கையில் தேத்தண்ணீர்ப் பிளாஸ்க், மற்றக் கையில் புட்டுச் சட்டி. இரண்டையும் கீழே வைத்துவிட்டு, “ஐயோ பிள்ளை!” என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா கையில் அகப்பையோடு மரம் மாதிரி நின்றார்.

“அடுப்பை நிப்பாட்டு பிள்ளை. நாங்கள் சாப்பாடு கொண்டந்திருக்கிறம். செத்தவீட்டில அடுப்பெரியக் கூடாதெல்லே.”

“ஓம் அக்கா. செத்தவீட்டிலதான் எரியக் கூடாது” என்று சொல்லிவிட்டு அம்மா போய்க் கோழியைக் கிளறினார்.

அதற்குப் பிறகு மணி ஓயவில்லை. கோயிலில் கண்டவர்கள், மாமாவின் பெற்றோல் ஸ்டேஷன்காரர்கள், பிளேஸ்டோவிலிருந்து ரெயில் மாறி மாறி வந்த தூரத்துச் சொந்தம் என்று முன்னறை நிறைந்தது. வாசலில் சப்பாத்துகள் குவிந்து கதவு மூட முடியாமல் போனது. நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் திரையைப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

“பேர் வேறயெல்லோ போட்டிருந்தவங்கள்?”

“அது பாஸ்போட் பேராக்கும்.”

“வேல்ஸ் றோட்டில அக்சிடென்ராம்.”

“இல்லையாம், ஹாட் அட்டாக். மேடையிலயே விழுந்தவராம்.”

“எனக்கு ஆறெண்டுதான் சொன்னவை. பெடியனுக்கு நீந்தத் தெரியாதெல்லே.”

மணி அடிக்க அடிக்க மாமா வேறு வேறு விதமாகச் செத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் அதைக் கண்ணால் கண்டேன். ரோட்டில் கண்டேன், மேடையில் கண்டேன், தண்ணீருக்குள் தொப்பி மிதக்கக் கண்டேன். ஒருவர் சடங்குக்கு ஹோல் எடுக்கிறது எங்கே என்று கேட்டார். “பொடி எப்ப வருமாம்?” என்று பிரேதத்தைப் பற்றிக் கடைக்கார அங்கிள் அப்பாவிடம் தணிந்த குரலில் கேட்டார். குசினிக்குள் கடுகு வெடித்தது.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே மாமாவின் வான் வந்து நின்றது.

நான்தான் முதலில் கண்டேன். கதவு திறந்து முதலில் தொப்பி வந்தது, பிறகு கிற்றார்ப் பெட்டி, பிறகு மாமா. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. செத்தவர் நடந்து வருகிறார். கத்தவும் முடியாமல் திரைக்குள் என்னைச் சுருட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டேன்.

மாமா சிரித்த முகத்தோடுதான் வந்தார். வாசலில் சப்பாத்துக் குவியலைக் கண்டார். அவர் முகம் மாறியது. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு குவியல் என்ன சொல்லும் என்று தெரியும். கிற்றார்ப் பெட்டி கையிலிருந்து விழுந்தது. அந்தப் பெட்டியை அவர் கீழே தட்டுப்படக்கூட விடமாட்டார். சப்பாத்துகளுக்கு மேலாலேயே ஏறி விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

“அக்கா! அக்காவுக்கு என்ன? அத்தான், அக்கா எங்க?”

கடைக்கார அன்ரி வைத்த கூச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். ஒருவருடைய தேத்தண்ணீர்க் கோப்பை கம்பளத்தில் விழுந்தது. எழுந்தவர் எழுந்தபடி, இருந்தவர் இருந்தபடி மாமாவையே பார்த்தார்கள். ஒருவரும் பதில் சொல்லாததால் மாமா இன்னும் பயந்தார். அவர் உதடு பிள்ளையுடையதைப் போலக் கோணியது. பெரிய ஆண்பிள்ளை ஒருவர் அப்படிப் பயந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அம்மா குசினி வாசலுக்கு வந்தார்.

மாமா அம்மாவைக் கண்டதும் கம்பளத்தில் அப்படியே குந்திவிட்டார். “வழியெல்லாம் போனடிக்கிறன், ஒருத்தரும் எடுக்கேல்லை. வாசலெல்லாம் சப்பாத்து... நான் உனக்குத்தான் ஏதோ எண்டு...”

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சாப்பிட்டனியோ?” என்று கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். அதன் பிறகுதான் அகப்பையால் முதுகில் விழுந்தது ஒன்று. இன்னொன்று. அப்பா வந்து கையைப் பிடிக்கும் வரைக்கும் விழுந்தது.

விஷயம் பிறகு வெளிவந்தது. படத்தில் அந்தப் பாட்டுக்காரன் லண்டனில் செத்துப்போகிறான். படத்தின் தொடக்கமே மரண அறிவித்தல்தான். அசல் மாதிரியே இருக்கவேண்டும் என்று டைரக்டர், தொலைக்காட்சியில் உண்மையான அறிவித்தல் செய்கிற பெடியனையே பிடித்துச் செய்வித்திருக்கிறார். அவனும் அருமையாகச் செய்து, செய்த இடத்திலேயே மற்ற அறிவித்தல்களோடு வைத்துவிட்டான். சனிக்கிழமை வேலைக்கு வந்தவனுக்கு அது தெரியாது. இருந்ததையெல்லாம் வரிசையாகப் போட்டான். சாகிற வேஷம் என்று சொன்னால் அக்கா விடமாட்டார் என்று மாமா மறைத்திருந்தார்.

“தம்பி, உமக்கெண்டு கடையைப் பூட்டிப்போட்டு வந்தனான். சனிக்கிழமை யாவாரம் போச்சு” என்றார் கடைக்கார அங்கிள்.

“நான் அழுத அழுகையைத் திருப்பித் தாரும்!” என்றார் அன்ரி.

“அறிவித்தலுக்கு மட்டும் தொப்பியைக் கழட்டியிருக்கிறான் பாருங்கோ, மரியாதை தெரிஞ்ச பெடியன்” என்றார் இன்னொருவர்.

அதோடு வீடு குலுங்கிச் சிரித்தது. “ஆறு” என்று சொன்னவரைப் பார்த்து, “என்ன, ஈரத்தையே காணேல்லை?” என்று கேட்டார்கள். அம்மா சமைத்த எல்லாவற்றையும் அன்ரியின் புட்டோடு சேர்த்து எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் மட்டும் திரைக்குள்ளிருந்து வரவில்லை. மாமா ஒரு கோழிக்காலோடு வந்து திரையை விலக்கி, “மருமகன், பேய் கோழி தின்னுமோடா?” என்றார். நான் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்காக, சூடாக இருந்தது. அப்போதும் முழுவதும் நம்பவில்லை.

பாட்டால் கிடைக்காத பெயர் மாமாவுக்கு அந்தச் சாவால் கிடைத்தது. படத்துக்கு ஹோல் நிரம்பியது, வேறு படக்காரர்களும் தேடி வந்தார்கள். ஆனால் அதன் பிறகு அவர் ஒரு வேஷத்திலும் சாகவில்லை. கதையில் செத்தே ஆகவேண்டும் என்று நின்ற ஒரு நல்ல படத்தையும் விட்டுவிட்டார். “சாகிறதெண்டா அக்காவிட்டக் கேக்கோணும்” என்பார்.

அன்று சாப்பிட்டு முடிய யாரோ, “வந்ததுக்கு ஒரு பாட்டாவது பாடும், தம்பி” என்றார்கள். விழுந்ததில் பெட்டியில்தான் கீறல், கிற்றாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா பகிடிப் பாட்டொன்றைத் தொடங்கினார். ஒரு வண்டிக்காரன் தன் மாட்டோடு வழியைப் பற்றிச் சண்டை பிடிக்கிற பாட்டு. மாடு சொல்கிற வழிதான் வீட்டுக்குப் போகிற வழி. முதலில் எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாம் அடிக்குப் பிறகு தட்டல் குறைந்தது. கடைக்கார அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். அன்ரி முந்தானையை வாயில் வைத்தார். வரும்போது அழுத சத்தம் இப்போது இல்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. பார்த்தால் முன்னறை முழுக்க அழுதது. மாமா பயந்துபோய், ஆனால் நிறுத்தாமல் பாடினார்.

எனக்கு மறுபடியும் பயம் வந்தது. உயிரோடு வந்த ஆளைச் சுற்றியிருந்து ஏன் அழுகிறார்கள்? ஒருவேளை இவர்களுக்குத் தெரிந்த ஏதோ எனக்குத் தெரியவில்லையோ?

அம்மாவைத் தேடிக் குசினிக்கு ஓடினேன். அவர் குழாயைத் திறந்துவிட்டு, கழுவுவதற்கு ஒன்றும் எடுக்காமல் நின்றார். முகம் நனைந்திருந்தது. செய்தி கேட்டபோது அழாதவர், மாமா வந்து விழுந்தபோதும் அழாதவர்.

யூனிபோர்மைப் பிடித்து இழுத்தேன். “அம்மா, மாமா சாகேல்லை. அங்க பாடுறார்.”

“ஓமடா ராசா. தெரியும்.”

“பிறகேன் அழுறீங்கள்?”

அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார். “பெரிய மாமாவின்ர சேதி வந்தண்டைக்கு எங்களுக்கு இஞ்ச ஒருத்தரையும் தெரியாதடா. போனை வைச்சிட்டு நான் வேலைக்குப் போனனான். ஒரு சனமும் அழ வரேல்லை.”

பெரிய மாமா என்பது அம்மாவின் அண்ணா. நான் அவரைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். நான் பிறப்பதற்கு முன்பே, ஊரில் சண்டை நடந்த நேரம் செத்துப்போனவர். அவர் இன்றைக்குச் சாகவில்லையே, இன்றைக்குத்தான் ஒருவருமே சாகவில்லையே என்று நான் நினைத்தேன். அம்மா பயத்தில் எல்லாவற்றையும் குழப்பிக்கொண்டுவிட்டார், பாவம். எட்டிக் குழாயை மூடினேன். அவருக்கு வடிவாக விளங்கவேண்டும் என்று, ஒவ்வொரு சொல்லாக, முன்னறைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்:

“அம்மா, மாமா சாகேல்லை.”